சவுக்குக் காட்டுக்கு ஓர் இடம்

உள்ளறையில் ஜிப்பு இழுபடும் சத்தம் மறுபடியும் கேட்டது. சர்ரென்று பாதி தூரம் ஓடித் திக்கி நின்றது.

"என்னக்கா அது?" டீ தம்ளரைக் கீழே வைத்தாள் அன்பரசி.

"உன் மாமாதான். காலையிலேர்ந்து அந்தப் பழைய டென்ட்டோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காரு."

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள் அமுதவள்ளி. கணவர் குருமூர்த்தி அங்கேயே சூளை அடுக்கியவர். மூன்று வருஷத்துக்கு முன் வீட்டு மாடிப்படியில் விழுந்தார். அன்றோடு கால்கள் போயின, கட்டிலே உலகமாயிற்று.

பட்டறைப் பெண்கள் நாளைக் காலை வேனில் கிளம்புகிறார்கள். பரங்கிப்பேட்டைக்கும் அப்பால், கடலை ஒட்டிய சவுக்குக் காட்டில் இரண்டு நாள் கேம்ப். வேனில் ஓர் இடம் காலி. அமுதவள்ளி வருகிறாளா என்று கேட்கத்தான் கூட வேலை செய்யும் அன்பரசி வந்திருந்தாள்.

"நான் வரலடி. அவர வுட்டுட்டு அந்தக் கடல எப்புடிப் பாப்பேன்?"

கல்யாணமான புதிதில் புருஷனும் பெண்டாட்டியும் இதே டென்ட்டில், அந்தக் காட்டில்தான் ஒரு ராத்திரி தங்கினார்கள். மணலில் குழி பறித்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கை அடுக்கி, நெருப்பு மூட்டி, ஈர மணலால் சந்து விடாமல் மூடினார் குருமூர்த்தி. வாசனை வந்ததும் கிளறப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டு, பொம்மைச் சூளைக்குச் சொல்வதையே சொன்னார். "சூட்டோட திறந்தா சரக்கு வெடிச்சிடும். ஆறட்டும்!" விடிந்து திறந்தால் அத்தனையும் கரி. பசியோடு இருவரும் சிரித்த அந்தச் சிரிப்பை, இருபத்திரண்டு வருஷமாக எத்தனை பொம்மைக் கண்களில் அவள் தேடித் தேடி எழுதியிருப்பாள்!

ஜிப்பு இந்த முறை நிற்காமல் முழுதும் ஓடியது.

"அமுதா, இங்க வா!"

இருவரும் உள்ளே போனார்கள். குருமூர்த்தியின் மடியில் டென்ட். கையில் மெழுகுவர்த்தித் துண்டு. உப்புக் காற்றில் துருவேறிய ஜிப்பில் மெழுகு தேய்த்து வழிக்குக் கொண்டுவந்திருந்தார்.

"எடுத்து வச்சிக்க."

"நான்தான் போவலன்னு சொல்லிட்டனே."

"கேட்டுது. காலுதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்குது. சேத்தியாத்தோப்புலேர்ந்து என் தங்கச்சி காசியம்மா கிளம்பிட்டா. ரெண்டு நாளு அவ பாத்துக்குவா."

அமுதவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்க இல்லாம எனக்கு எதுக்குங்க கடலு?"

"நீ பாத்துட்டு வந்து சொன்னாத்தானடி எனக்கும் கடலு?"

அன்பரசிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "போன்ல அலைச் சத்தம் போட்டுக் காட்டறோம் மாமா."

"அங்க ஏது டவரு? இவளே வந்து சொல்லட்டும். ஒன்ன ஒம்பதாக்கிச் சொல்லுவா, அதான் நல்லாருக்கும். கிழங்கு எடுத்துக்கிட்டுப் போ அமுதா. இந்த வாட்டி சூட்டோடயே திறந்துடு."

அழுகைக்கு நடுவே அமுதவள்ளிக்குச் சிரிப்பு வெடித்தது. முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்:

"வேனு எத்தினி மணிக்குடி?"

"அஞ்சுக்கு. வாசல்ல ஹார்ன் அடிக்கிறோம். போயிட்டு வரேன் மாமா."

அன்பரசி தெருவில் இறங்கினாள். அவள் முனை திரும்பும்வரை பார்த்து நின்ற அமுதவள்ளி, கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு, டென்ட்டை மடிக்க உள்ளே போனாள்.