நிலாக்காரனுக்குச் சந்தனம்

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், நிலக்கரி மைன்ஸில் ஃபிட்டரான அப்பா டூட்டி முடிந்து குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். தலையில் ஹெல்மெட், கண்ணில் தூசிக் கண்ணாடி, முழங்கால் வரை கம்பூட்ஸ், மேலே நீள மழைக்கோட்டு. அத்தனையின் மேலும் மைன்ஸ் சேறு. அம்மா கதவைப் பாதி திறந்து, “யாருங்க வேணும்?” என்றாள். அப்பாவுக்கும் குறும்பு உண்டு. பதில் பேசாமல் ஒரு கையை மட்டும் மெல்லத் தூக்கினார். அம்மா கதவைச் சாத்திவிட்டாள்.

நான் அப்போது ஜன்னலோரம் பாயில் கிடந்து, வாரப் பத்திரிகையில் வந்த சந்திரப் பயணக் கதை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் படம் போட்டவர் நிலாவில் இறங்கியவனுக்குக் கிட்டத்தட்ட போலீஸ் உடுப்பை மாட்டி விட்டிருந்தார். ஜன்னல் வழியாக அப்பாவைப் பார்த்தேன். நிலாவிலிருந்து திரும்பி வருகிறவன் இப்படித்தான் இருப்பான், சொந்த வீட்டிலேயே அவனைச் சேர்க்க மாட்டார்கள் என்று பட்டது. அந்த நிலா உடுப்பை நாமே செய்துவிட்டால் என்ன என்ற யோசனை அந்த நிமிஷம் வந்ததுதான்.

பி.யூ.சி. முடித்துவிட்டுச் சும்மா இருக்கிற பெண்ணுக்கு யோசனைக்குப் பஞ்சமில்லை. கூட ஒரு ஆள்தான் வேண்டும். பள்ளியில் என் பெஞ்சில் உட்கார்ந்தவள் காடாம்புலியூர்ப் பக்கத்துக்காரி. அவள் அப்பாவுக்கும் மைன்ஸில்தான் வேலை. விஷயத்தைச் சொன்னதும், “இதுக்கா என்ன மழையில வரவெச்ச?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, மறுநாளே வீட்டிலிருந்து ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பானையின் மேல் காகிதக் கூழை அப்பிக் காயவைத்து, பானையை உடைத்தெடுத்தோம். முகத்துக்கு நேரே ஜன்னல் வெட்டி, ஆஸ்பத்திரியில் தூக்கிப் போட்ட எக்ஸ்ரே பிலிமைக் கழுவி ஒட்டினோம். அப்பா கழித்துப் போட்ட மழைக்கோட்டுக்கும் பூட்ஸுக்கும் வெள்ளி பெயின்ட். முதுகில் இரண்டு பால்பவுடர் டின், அங்கிருந்து ஹெல்மெட்டுக்கு ஒரு சைக்கிள் டியூப். நிலாக் கல்லுக்கு எங்கே போவது? நம்மூர்க் கரிக்கே சுண்ணாம்பு அடித்தோம். ஒரு அட்டையில் நிலாப் படம் ஒட்டி, அங்கே காற்று இல்லை, தண்ணீர் இல்லை என்று கீழே எழுதி வைத்தோம்.

ஆயுத பூஜையன்று டவுன்ஷிப் ஹாலில் வருஷா வருஷம் கண்காட்சி நடக்கும். அதன் காரியதரிசி, ஆபீஸில் உயர்ந்த நாற்காலிக்காரர், எங்களைப் பார்த்ததும், “மாறுவேஷமா? குழந்தைங்க மேடை அந்தப் பக்கம்மா” என்றார்.

“வேஷம் இல்ல சார், கண்காட்சி. நிலாவுக்குப் போறவங்க உடுப்பு.”

“யார் போறாங்க?”

“போவாங்க சார்.”

அவர் நீண்ட யோசனைக்குப் பிறகு, பூசணிக்காய்ப் போட்டிக்கும் மாதர் சங்க ஊறுகாய்க்கும் நடுவில் ஒரு மேஜை கொடுத்தார். “சாயங்காலம் நாலு மணிக்கு வந்து பார்ப்பேன். கூட்டம் இல்லேன்னா மேஜை ஊறுகாய்க்கு. அப்புறம் இந்த மாதிரி சமாச்சாரமே இந்த ஹாலுக்குள்ள வரக்கூடாது.”

ஆக, அந்த மேஜை எங்களுக்கு வெறும் மேஜை இல்லை. அது போனால் நாங்கள் நிரந்தரமாகக் குழந்தைகள் மேடைதான். அங்கே கிருஷ்ணருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும்.

காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துவிட்டு ஊறுகாய்க்குத் தாவினார்கள். ஒரே ஒருவர் நின்றார். கல்லைக் கையில் எடுத்து உருட்டினார்.

“இது நம்ம கரிதானே? சுண்ணாம்பு அடிச்சு வெச்சிகினு இருக்கீங்க.”

“நெலாவுல வேற இன்னா இருக்கும்னு நெனச்சீங்க?” என்றாள் தோழி.

“அப்ப அங்கயும் மைன்ஸ் தோண்டுவாங்களா?”

“பின்ன?”

“ஆளு எடுக்கறது கான்ட்ராக்டா, பர்மனென்டா?”

“மொதல்ல கான்ட்ராக்டுதாங்க.”

“அங்கயுமா” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மணி மூன்றைத் தாண்டியது. கோலில் தொங்கிய உடுப்பு சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி இருந்தது. உள்ளே ஒரு ஆள் இருந்து நடந்தால்தான் கூட்டம் சேரும் என்றேன்.

“நீ போ” என்றாள் தோழி. “நான் உள்ள பூந்துட்டா மேஜையில யாரு பேசறது? உனக்குப் பேசத் தெரியாது, நடக்கவாவது நடந்துட்டு வா.”

சாமான் அறையில் உடுப்பை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியே வெளியே வந்தேன். என்னை யாருக்கும் தெரியாது. தாவணிக்காரி தெருவில் கைவீசி நடந்தால் நாலு பேர் கேட்பார்கள். நான் கையும் வீசி, காலையும் அகட்டி நடந்தேன். பக்கத்து லாரி ஷெட் வரைக்கும் அப்படியே போனேன். அங்கே பூஜை நடந்துகொண்டிருந்தது. சந்தனக் கிண்ணமும் கையுமாக ஒருவர் லாரி, வெல்டிங் செட், பம்ப், சைக்கிள் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். அவர் கண்ணில் படாமல் இருக்க, வரிசையின் கடைசியில் அசையாமல் நின்றுவிட்டேன். அங்கேதான் வினை.

“இது இன்னா, புது மிஷினா?”

“ஏதோ ஃபாரின் ஐட்டம் எறங்கியிருக்கு. போட்டு வை, போட்டு வை.”

வயிற்றில் மூன்று கோடு சந்தனம். ஹெல்மெட்டில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். டியூபில் ஒரு முழம் பூ. என் காலடியில் எலுமிச்சம்பழம் வைக்க அவர் குனிந்தபோது எனக்குக் கூச்சம் தாங்கவில்லை, காலை நகர்த்தினேன். கிண்ணக்காரர் இரண்டடி பின்னால் போய்க் கும்பிட்டார்.

“உள்ள தொரை இருக்காருடா.”

புது மெஷின்களைப் பூட்டிக் கொடுக்க வெளிநாட்டு இன்ஜினியர்கள் வந்து போகிற காலம். வெள்ளைக்காரர் எந்த உடுப்பில் வந்தாலும் இங்கே யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஷெட்டே எனக்கு வழிவிட்டது. நான் ஹாலை நோக்கித் திரும்பினேன். ஷெட் முழுக்க என் பின்னால் வந்தது.

ஹாலில் காரியதரிசி சொன்ன நேரத்துக்கு, இரண்டு ஊறுகாய் ஜாடியோடு எங்கள் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னையும் கூட்டத்தையும் குங்குமத்தையும் பார்த்தார்; “தொரை, தொரை” என்ற பேச்சையும் கேட்டார். ஜாடிகளைக் கீழே வைத்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அவருடைய சிறந்த இங்கிலீஷில் என்னை வரவேற்றார். நம்மூர்ப் பெண்கள் செய்த உடுப்பையே போட்டுப் பார்த்து, நம் பண்பாட்டை மதித்துப் பொட்டும் வைத்துக்கொண்ட விருந்தினருக்கு நன்றி சொன்னார். பிறகு எங்கள் சாமான்களை எனக்கே விளக்க ஆரம்பித்தார். இந்தக் கல், இந்தப் படம், நம்மூர்ப் பெண்களின் விஞ்ஞான ஆர்வம், இந்த மேஜைதான் கண்காட்சிக்கே மகுடம். நான் தலையை ஆட்டினேன்.

“சார்,” என்றாள் தோழி, ரொம்பப் பணிவாக, “ஊறுகாய எங்க வெக்கிறதுங்க?”

“அத வராந்தாவுல வைம்மா. இங்க பேசிட்டிருக்கோம் இல்ல” என்றார், அத்தனை பேர் காதிலும் விழ.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் காபி வந்தது. என் மூச்சில் எக்ஸ்ரே பிலிம் மூடுபனியாகிவிட்டது. உள்ளே கூழ்ப்பசை நாற்றம், வேர்வை, காற்றுக்கு ஒரு பொட்டு ஓட்டைகூட இல்லை. காரியதரிசி இரண்டு பேராகத் தெரிந்தார். விழுந்துவிடுவேன் என்று பட்டதும் ஹெல்மெட்டைப் பிடுங்கினேன். பின்னல் அவிழ்ந்து இடுப்பு வரை விழுந்தது.

பின்னாலிருந்து ஒருவர், “தொரை இல்லப்பா, தொரசானி” என்றார்.

“தொரசானியாவது. நம்ம ஃபிட்டர் பொண்ணுடா இது” என்றார் கிண்ணக்காரர்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. காரியதரிசி என்னைப் பார்த்தார், கையிலிருந்த காபியைப் பார்த்தார், பிறகு அதைத் தானே குடித்தார். மகுடம் என்று வாய்விட்டுச் சொன்னதை எப்படித் திரும்பப் பெறுவது? விளக்கு போடும் வரை கூட்டம் எங்கள் மேஜையை விட்டு நகரவில்லை.

கடைசியில் அவர் எங்களிடம் வந்தார். “அடுத்த வருஷமும் மேஜை உண்டு. ஆனா உள்ள இருக்கிறவங்க என் ஹால்ல மயங்கி விழக்கூடாது. நிலாவுல காத்து இல்லேன்னு நீங்கதான் எழுதி வெச்சிருக்கீங்க. போறவன் எப்படி மூச்சு விடுவான்னு யோசிக்கலியா?”

யோசிக்கவில்லைதான். அந்த டின்கள் இரண்டும் சும்மா அழகுக்கு.

இப்போது யோசித்துவிட்டோம். ஒரு கால்பந்து பிளாடர், ஒரு சைக்கிள் பம்ப், பிளாடரிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய். ஒருத்தி நடக்க, இன்னொருத்தி பின்னாலேயே காற்றடித்துக்கொண்டு வர வேண்டும்.

“நீ நெலாவுல நடப்ப, நான் ஒன் பின்னால குனிஞ்சு அடிச்சிகினே வரணுமா?” என்று தோழி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்து முதல் சோதனை. அவளையே உள்ளே விட்டு, பம்பை நான் பிடிப்பதாக முடிவு செய்திருக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.