எடை ஏழு, கொழுப்பு பூஜ்யம்

எடை ஏழு, கொழுப்பு பூஜ்யம் என்று அச்சாகி வந்த அந்தச் சீட்டு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஊற்றியது எங்கள் வீட்டு எருமைப் பால், ஐந்து கிலோ. திண்டுக்கல், வடமதுரைப் பக்கத்துப் பால் சங்கங்களுக்கு, பாலின் எடையும் கொழுப்பும் அளக்கும் பெட்டி மாட்டிக் கொடுக்கும் கம்பெனியில் எனக்கு வயர் வேலை. மறுநாள் புது மென்பொருளை ஊர் ஊராகப் போய் ஏற்ற வேண்டும். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அதனால்தான் வீட்டிலிருந்து பாலைத் தூக்கி வந்து, பழைய பெட்டி ஒன்றில் அந்த மென்பொருளை ஏற்றி, ஊற்றிப் பார்த்தேன்.

சீட்டைப் பார்த்த முதலாளி, "எட்டாப்போட நின்னவன்ட்ட மிஷினக் குடுத்தா இப்புடித்தான். வயர மாத்திச் சொருகிருப்பான். நாளையிலருந்து நீ வர வேணாம்" என்றார். நானும் என் தப்புதான் என்றே நம்பினேன். வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். கொழுப்பு பூஜ்யத்தை விட்டு நகரவில்லை.

எங்கள் கம்பெனியில் நிரல் எழுதும் மேடம் என்னைவிடப் பத்து வயது இளையவர். சீட்டை வாங்கிச் செத்த நேரம் பார்த்தார். "ஏழுங்கிறது எடை இல்லண்ணே, கொழுப்பு. ஒரு எடம் தள்ளி உக்காந்திருக்கு."

ஊற்றுவது பசும்பாலா, எருமைப் பாலா என்று பதிவதற்காக, சி என்ற கணினி மொழியில் எழுதிய நிரலில் எடைக்கு முன்னால் அவர் புது இடம் ஒன்றைச் செருகியிருந்தார். அளந்த எண்களை அந்தந்த இடத்தில் கொண்டுவந்து வைப்பதோ, பழைய பெட்டிக்குள் இருந்த, எப்போதோ மூடிப்போன ஒரு கம்பெனி இயந்திரத்துக்கு மட்டும் புரிகிற மாதிரி கம்பைல் செய்து கொடுத்த நிரல். அதைத் திறந்து திருத்த வழியில்லை. "அது பேரெல்லாம் பாக்காதுண்ணே. மொதல்லருந்து இத்தனாவது பைட்டு, இத்தனாவது எடம்னு எண்ணிப் போயி வச்சுட்டு வந்துரும். நடுவுல நான் ஒரு ஆள உக்கார வச்சது அதுக்கு எப்புடித் தெரியும்?"

அப்படியே எழுந்து முதலாளியிடம் போனார். "சார், அண்ணன் சொருகுன வயரு சரியாத்தான் இருக்கு. தப்பு என்னோடது."

"சரிம்மா, அத அவன் முன்னாடியா சொல்லணும்?"

"அவரு முன்னாடிதான சார் திட்டுனீங்க?"

படித்தவர் ஒருவர் எனக்காக அப்படிப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. புது இடத்தைக் கடைசிக்குக் கொண்டுபோனார். பழையவை அத்தனையும் இருந்த இடத்திலேயே இருந்தன. மறுபடி ஊற்றினோம். எடை ஐந்து, கொழுப்பு ஏழு. "நீங்க மட்டும் பயப்படலேன்னா, நாளைக்கு அம்புட்டுச் சங்கத்துலயும் பாலத் தண்ணின்னு திருப்பி விட்டுருப்பாங்கண்ணே" என்றார்.

மேடம் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். எண் பிசகினால் இன்றைக்கும் என் கை முதலில் வயருக்குத்தான் போகிறது. ஆனால் ஒரு தடவைதான் பார்க்கிறேன். அப்புறம் நேரே போய், நிரல் எழுதுகிறவரிடம் கேட்டுவிடுகிறேன்: "சார், நடுவுல எதுவும் சேத்தீகளா?"