கருப்பசாமியின் உகரம்

கருப்பசாமி எந்த ஆங்கிலச் சொல்லையும் ஓர் ‘உ’ சேர்த்துத்தான் முடிப்பான். பெல்ட்டு, போல்ட்டு, பம்ப்பு. கோவில்பட்டியில் ஐ.டி.ஐ. படித்தபோது அது யார் காதிலும் உறுத்தவில்லை. வாத்தியாரும் அப்படித்தான் பேசினார். 1987இல் ஓசூர் ஆலையில் பயிற்சிக்குச் சேர்ந்த பிறகுதான் அது குறை என்று தெரிந்தது.

சூப்பர்வைசர் பாஸ்கரன் பெங்களூரில் கான்வென்ட்டில் படித்தவர்.

“பெல்ட். அதோட நிறுத்து. அதுக்கு எதுக்குய்யா வாலு?”

“சரி சார். பெல்ட்.... டு.”

லேத்துக்கு லேத்து சிரிப்பு தாவும். “கோவில்பட்டி, அந்த நட்டு எடுத்தாடா” என்பார்கள், வேண்டுமென்றே இழுத்து.

வாலை வெட்டப் பழகினான். நாக்கை அண்ணத்தில் ஒட்டி நிறுத்தினால் சொல் நின்றது. அடுத்த சொல்லும் வராமல் நின்றது. நாளடைவில் பேச்சையே குறைத்துக்கொண்டான். மெஷின் சத்தம் மாறினால் முதலில் கேட்பது அவன் காதுதான். சொல்வதற்குப் பதில் கையைக் காட்டுவான்.

ஆறு மாதப் பயிற்சி முடியும் சமயத்தில் ஜப்பானிலிருந்து புது கிரைண்டிங் மெஷின் வந்தது. அதை நிறுவ சாட்டோ என்ற எஞ்சினியரும் வந்தார். மெஷினுக்கு ஓர் ஆளைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். போட்டிக்கு இரண்டு பேர். கோலார் தங்கவயல் சாலமன், இங்கிலீஷ் மீடியம். அவனுக்கு ஊரில் மாமா ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். கருப்பசாமிக்கு ஊரில் இருந்தது தீப்பெட்டி ஆபீஸ் கூலி வேலைதான்.

சாட்டோ காட்டும் பாகத்தின் பெயரைச் சொல்லி, அதன் வேலையை ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். சாலமன் முதலில் போனான். மடமடவென்று பேசினான். சாட்டோ மூன்று முறை காதைச் சாய்த்து, “அகெய்ன்?” என்றார்.

கருப்பசாமியின் முறை. சாட்டோ வலைமூடிக்குள் ஓடிய பெல்ட்டைக் காட்டினார். வாய் திறந்தது, நாக்கு ஒட்டிக்கொண்டது. பாஸ்கரன் தரையைப் பார்த்தார்.

“பெருட்டோ,” என்று சாட்டோவே எடுத்துக் கொடுத்தார். விரல் பக்கத்துப் பம்ப்புக்கு நகர்ந்தது. “பொம்ப்பு.”

கருப்பசாமி நிமிர்ந்தான். இந்த மனிதருக்கும் சொல் மெய்யெழுத்தில் நிற்கவில்லை.

“பம்ப்பு,” என்றான்.

“யெஸ். பொம்ப்பு.”

மெஷின் சத்தம் மாறியதிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்தது. “பம்ப்பு சவுண்டு சேஞ்சு சார். மார்னிங்கு நோ. நவ்வு யெஸ்ஸு. பெல்ட்டு லூசு. ஸ்டாப்பு, செக்கு.”

சாட்டோ ‘அகெய்ன்’ கேட்கவில்லை. மெஷினை நிறுத்தினார். மூடியைக் கழற்றி விரலால் பெல்ட்டை அழுத்தினார். அது தொளதொளவென்று உள்ளே போயிற்று. பாஸ்கரனைப் பார்த்து, கருப்பசாமியின் தோளைத் தொட்டார்.

“ரெண்டு பேரும் ஒரே ஊராய்யா?” என்றார் பாஸ்கரன். கேலியாகத்தான் தொடங்கினார், பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “போ, ஆபீஸ்ல வேலை ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு வா.”

அன்று மாலை கருப்பசாமி சூளகிரியில் இருந்த அறைக்குத் திரும்ப பஸ் ஏறினான். ஜன்னலில் தலை சாய்த்ததுதான் தெரியும். கண்டக்டர் தட்டி எழுப்பியபோது பஸ் கிருஷ்ணகிரி நிலையத்தில் நின்றிருந்தது.

“என்னாப்பா, சூளகிரிக்குத்தான சீட்டு வாங்கின? அப்பிடி எத்தினி நாள் தூக்கம் அது?”

கருப்பசாமி யோசித்தான்.

“ஆறு மாசம் இருக்கும்ண்ணே,” என்று சொல்லி இறங்கினான்.