நீலம் கூடிய குவாசர்கள்

காலை ஆறே கால். சாப்பாட்டு மேசையில் என் மனைவியின் மடிக்கணினி திறந்திருந்தது. திரையில் சிவப்பாக ஒரு கோடு, நீலமாக ஒரு கோடு. இடது ஓரத்தில் நீலக் கோடு சற்று மேலே ஏறியிருந்தது. அந்த இடைவெளியை நம்பித்தான் அவள் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் நின்றது. அடுத்த வாரம் கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேச வேண்டும்.

வெகு தொலைவில், பெரிய கருந்துளையைச் சுற்றி விழும் வாயு பேரொளி வீசுகிறது. அதுதான் குவாசர். சில குவாசர்கள் வலுவான ரேடியோ அலைகளையும் அனுப்பும், பெரும்பாலானவை அனுப்பாது. இரு வகைகளின் ஒளியையும் நிறம் நிறமாகப் பிரித்து ஒப்பிடுவது அவள் வேலை. ரேடியோ இல்லாதவற்றில், அதாவது இடது ஓரத்தில் ஏறிய நீலக் கோட்டில், நீல ஒளி கூடுதல் என்று கண்டிருந்தாள்.

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற மாமனார், காபியோடு எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, ரேடியோல பாட்டு ஏதாச்சும் வருதா?"

"பாடாததுங்கதான் நைனா பேஜாரு பண்ணுது."

சரிபார்க்க, ரேடியோ இல்லாதவற்றை மட்டும் அவள் இரண்டாகப் பிரித்தாள்: ஆய்வு வழிகாட்டி தந்த பழைய தரவுத் தொகுப்பு, அவளே இறக்கிய புதியது. ஒரே வகை என்பதால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். படியவில்லை. பழையதில் நீலம் தூக்கி நின்றது.

வழியிலுள்ள விண்வெளித் தூசி நீல ஒளியைக் குறைத்துவிடும். அதைக் கணக்கிட்டுத் திருப்பிச் சேர்ப்பது வழக்கம். ரேடியோ இல்லாதவை மட்டுமே இருந்த பழைய தொகுப்பில் வழிகாட்டி முன்பே சேர்த்திருந்தார். அவளது நிரல் மறுபடியும் சேர்த்துவிட்டது.

"தொவச்ச சட்டைக்கு ரெண்டு வாட்டி நீலம் போட்டுட்டேன்."

"யாருக்கு தெரியப்போவுது?" என்றார் மாமனார்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே நைனா."

கருத்தரங்கு முடிந்த பிறகு சொன்னால் என்ன என்று, நாளிதழில் வேலை பார்க்கும் நான் கேட்டேன்.

"தப்புன்னு தெரிஞ்சா உங்க பேப்பர்ல அச்சுக்கு வுடுவீங்களா?"

நான் காலை நாஷ்டாவை எடுத்துவைக்கப் போனேன். அவள் வழிகாட்டியை அழைத்தாள். அவர் கேட்டது ஒன்றுதான்: "திருத்தினா வித்தியாசம் எவ்வளவு மிஞ்சுது?"

வெளியே காக்களூர் தொழிற்பேட்டைக்கு முதல் ஷிஃப்ட் வேன்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் நிரலைத் திருத்தி மீண்டும் ஓடவிட்டாள். சிவப்பும் நீலமும் ஒரே கோடாயின. கூர்ந்து பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் மெல்லிய பிரிவு. அது அளவீட்டுப் பிழையின் எல்லைக்குள் இருந்தது.

மதியத்துக்குள் கருத்தரங்கு அமைப்பாளர்களுக்குப் பிழையைச் சொல்லி எழுதிவிட்டாள். கருத்தரங்கில் அவளுக்கு இனி மேடை இல்லை. ஆய்வுச் சுவரொட்டிகள் வைக்கும் கூடத்தில் ஓர் இடம் தந்தார்கள்.