சாம்பல் நாட்டைப் போருக்கு இழுத்தவள்

மூக்குக் கண்ணாடி வில்லைகள் அரைக்கும் அந்தப் பட்டறையில் எல்லோரும் அவளை இன்னும் ‘செக்கிங் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். செக்கிங் மேசையிலிருந்து எழுப்பிக் கழுவும் தொட்டிக்கு அனுப்பி எட்டு மாதம் ஆகியும் பெயர் மட்டும் போகவில்லை. யாராவது அப்படி அழைக்கும்போதெல்லாம் சோப்புத் தண்ணீருக்குள் அவள் விரல்கள் ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடி நகரும்.

பதினேழு வருடம் அந்த மேசையில் உட்கார்ந்தவள். வில்லையை ஜன்னல் கம்பிக்கு நேரே தூக்கிப் பிடித்து லேசாக அசைத்தால் போதும், பவர் சரியா தப்பா என்று மெஷின் காட்டுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவாள். தையல்காரரான அவள் கணவர் ஊசியில் நூல் கோக்கக்கூட அவளைத்தான் கூப்பிடுவார். “உன் கண்ணை எனக்கு ஒரு நாள் வாடகைக்குக் கொடேன்” என்பார்.

நடந்தது இதுதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு இருநூறு கண்ணாடி அவசரமாகப் போக வேண்டியிருந்தது. மகளுக்குக் காய்ச்சல் என்று அவள் அரை நாள் விடுப்பில் போயிருந்தாள். சூப்பர்வைசர் பொறுக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த மாற்றுச் சாவியால் அவள் மேசை இழுப்பறையைத் திறந்து, அவளுடைய ரப்பர் முத்திரையை எடுத்து, ஒரு வில்லையைக்கூடப் பார்க்காமல் இருநூறு சீட்டிலும் குத்தி அனுப்பிவிட்டான். மூன்று வாரத்தில் பிள்ளைகளின் தலைவலியோடு கண்ணாடிகள் திரும்பி வந்தன. சீட்டில் இருந்தது அவள் முத்திரை. “சாவி அக்காகிட்டதானே சார் இருக்கும்” என்றான் சூப்பர்வைசர், மரியாதை குறையாமல்.

அவன் குத்தியதைப் பார்த்தது ஒரே ஒரு ஆள், பேக்கிங் மேசைக்காரி. பட்டறையில் மூத்தவள். எதைக் கேட்டாலும் ஒரே பதில் என்பதால் ‘எனக்கென்ன’ என்று பட்டப்பெயர். முதலாளி கேட்டபோதும் அவள் மாறவில்லை. “பெட்டி வந்துச்சு, கட்டினேன். யாரு சீல் வச்சா எனக்கென்ன?”

அதன் பிறகு செக்கிங் அக்கா எத்தனையோ முறை கெஞ்சிப் பார்த்தாள். எனக்கென்னவின் கண்ணாடிக்குப் புது வில்லை போட்டுக் கொடுத்தாள். பஸ் நிறுத்தம் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனாள். “நல்ல பொண்ணுடி நீ” என்று பையை வாங்கிக்கொள்வாள் எனக்கென்ன. அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. அது முடிந்ததும் கேன்டீன் மேசையில் போர் விளையாட்டு நடக்கும். முதலாளியின் தம்பி வெளிநாடு போகும்போது விட்டுப்போன பெட்டி அது. தேன்கூடு மாதிரிக் கட்டம் போட்ட வரைபடம், படைகளாக அட்டைச் சில்லுகள், இரண்டு பகடை. சிவப்பு எப்போதும் சூப்பர்வைசருக்கு. எதிரே உட்கார யாரும் முன்வராததால் நீலம் செக்கிங் அக்காவுக்கு. நடுவில் மலையும் ஒரு பாலமுமாகச் சாம்பல் நாடு. அது யார் பக்கமும் சேராத நாடு என்பதால் அதை எனக்கென்னவிடம் கொடுத்திருந்தார்கள். சும்மா உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்ன வசதி.

சாம்பலைப் போருக்குள் கொண்டுவர இரண்டே வழி. ஒவ்வொரு சுற்றிலும் தூது அனுப்பிப் பகடை உருட்டலாம். இரண்டிலும் ஆறு விழுந்தால் அது நம்மோடு சேரும். அல்லது ஒருவன் படை அதன் மண்ணை மிதித்தால், அந்த நொடியே பதினெட்டுப் படைகளோடும் மற்றவன் பக்கம் சேரும்.

ஏழு சனிக்கிழமை அவள் தூது அனுப்பினாள். ஏழும் தோற்றாள்.

“என்னக்கா, தூது போயே செருப்பு தேஞ்சிருச்சா?” என்று சிரித்தான் சூப்பர்வைசர். “வாரம் பூரா அந்தம்மா பின்னாடி, சனிக்கிழமையும் அந்தம்மா பின்னாடி.”

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது. ஆனால் அவன் சொன்னது உண்மை என்றும் பட்டது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதையேதான் யோசித்தாள். இத்தனை நாளும் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பார்க்க வேண்டியது சிவப்பை அல்லவா?

எட்டாவது சனிக்கிழமை அவள் தூது அனுப்பவில்லை. துறைமுகத்தைக் காலி செய்தாள். அவன் பிடித்தான். அடுத்த ஊரையும் விட்டாள். அவன் துரத்தினான். தலைநகரில் ஒரே ஒரு சில்லை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். மூன்று சுற்றில் ஆட்டம் முடிய வேண்டும். மலையைச் சுற்றிப் போனால் அவனுக்கு நாலு சுற்று. பாலத்தின் வழியாக ஒன்று.

அவன் வரைபடத்தைப் பார்த்தான். எனக்கென்னவைப் பார்த்தான். அவள் ஸ்வெட்டரின் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, உங்க பாலத்துல சும்மா ஒரு எட்டு. தூங்குற நாடுதானே” என்று சொல்லிக்கொண்டே சில்லை வைத்தான்.

பின்னல் ஊசி நின்றது. “யாரக் கேட்டு கால வச்சீங்க?”

“விளையாட்டுதானேம்மா… சரி, எடுத்துக்கறேன்.”

“எடுக்காதீங்க. வச்சது வச்சதுதான்.”

பதினெட்டுச் சில்லுகளும் இறங்கின. இரண்டே சுற்றில் வரைபடத்தில் சிவப்பே இல்லை. செக்கிங் அக்கா ஆட்டத்தைவிட எனக்கென்னவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு கோபம் அந்த முகத்துக்குள் இருக்கும் என்று இத்தனை வருடத்தில் தெரியாமல் போயிற்றே.

அன்று மாலை கணவரிடம் சொன்னாள். “கெஞ்சினா வரமாட்டா. மிதிச்சாதான் வருவா.”

“யாரு மிதிக்கணும்?”

“அவன்தான். நான் கொஞ்சம் ஒதுங்கி நின்னா போதும்.”

அவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். 

பதினோரு நாள் கழித்துத் தொட்டிக்கு இரண்டு தட்டுகள் வந்தன. ஒன்றின் சீட்டில் கிட்டப்பார்வை, மற்றதன் சீட்டில் தூரப்பார்வை. தூரப்பார்வைத் தட்டின் ஈர வில்லை ஒன்றை எடுத்து, தொட்டியில் பதித்த டைல்ஸின் கோட்டுக்கு மேல் அசைத்தாள். எதிர்ப்பக்கம் ஓட வேண்டிய கோடு கூடவே ஓடியது. தட்டுச் சீட்டுகள் இடம் மாறியிருந்தன. சீட்டு எழுதுவது சூப்பர்வைசர். அவள் போன பிறகு செக்கிங் மேசையும் அவன் பொறுப்புதான். இந்த முறையும் செக்கிங் இல்லாமல் நேராகப் பேக்கிங்குக்கு அனுப்பச் சொல்லியிருந்தான். பேக்கிங்குக்கு முன்னால் இதைப் பார்க்கக்கூடிய கடைசிக் கண் அவளுடையது.

ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். போட்டவுடனே மங்கலாகத் தெரியும், யாரும் குருடாகிவிட மாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதினேழு வருடம் ஒரு கீறலைக்கூட வெளியே விடாதவள் அன்று அறுபது தவறான வில்லைகளைப் பளபளவென்று கழுவித் துடைத்து அனுப்பினாள். ஒரு வில்லைகூடக் கை நழுவவில்லை. அதுதான் அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

பெட்டிகள் திரும்பி வந்தன. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி தெரியாமல் விழுந்து ஒரு முதியவர் மணிக்கட்டை உடைத்துக்கொண்டார் என்று கடைக்காரர் எழுதியிருந்தார். அதைக் கேட்டபோது தான் கழுவிய அறுபது வில்லைகளும் அவள் கண்ணில் பளபளத்தன. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு தூரம் ஒதுங்கியாயிற்று.

அவன் மிதித்தான். இந்த முறை பழி போடச் செக்கிங்கில் ஆள் இல்லை. அதனால் பேக்கிங் மேசையிலிருந்த அனுப்புகை நோட்டை எடுத்து, ‘சீட்டு இல்லாமல் வந்த தட்டு, சீட்டு பேக்கிங்கில் ஒட்டப்பட்டது’ என்று பழைய தேதியில் ஒரு வரி சேர்த்தான்.

எனக்கென்ன நோட்டைத் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்குள் போனாள். கதவைக்கூடச் சாத்தவில்லை.

“பத்தொன்பது வருஷமா இந்த நோட்டுல வேற கை பட்டதில்ல. இது என் எழுத்தா, சூப்பர்வைசர் எழுத்தா, பாருங்க. இன்னொண்ணும் சொல்றேன். அன்னைக்குப் பள்ளிக்கூடப் பெட்டிக்கு சீல் குத்தினதும் இதே கைதான். நான் பார்த்தேன்.”

“அப்பவே ஏம்மா சொல்லல?”

“அப்ப என்னைத் தொடல.”

திங்கட்கிழமை செக்கிங் அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். சூப்பர்வைசரை வேலையைவிட்டு அனுப்பிவிடத்தான் முதலாளி நினைத்தார். “வேண்டாம் சார், பிள்ளைகுட்டிக்காரர். தொட்டியில ஆள் இல்லையே” என்று அவள்தான் சொன்னாள். பெரிய மனசு என்றார் முதலாளி.

முதல் தட்டைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தான் அவன். ஒரு வில்லையைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.

“சோப்புக் கறை. மறுபடி கழுவுங்க சார்.”

கழுவிக் கொண்டுவந்தான். அடுத்த வில்லையைத் தூக்கினாள். “மறுபடி.”

மூன்றாவது முறை திருப்பி அனுப்பியபோது எனக்கென்ன பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டு அவள் மேசைக்கு வந்தாள். தட்டைக் குனிந்து பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“வில்லை சுத்தமா இருக்குடி.”

“தெரியும்.”

“அன்னைக்குத் தொட்டில நிக்கும்போதும் உனக்குத் தெரிஞ்சிருக்கும்ல?”

செக்கிங் அக்கா அவள் கண்ணைப் பார்த்தாள். “தெரியும்.”

எனக்கென்ன நிமிர்ந்தாள். தன் மேசைக்குத் திரும்பி, அனுப்புகை நோட்டை எடுத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தொட்டிப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவன் தட்டோடு வந்துகொண்டிருந்தான். அவன் விரல் நுனிகள் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவள் தட்டைப் பார்க்கவே இல்லை.

“மறுபடி” என்றாள்.