எலுமிச்சம்பழத்துக்குள் ஒரு கால்விரல்

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலையில், எங்கள் கடைக்குள் ஓர் எலுமிச்சம்பழம் நடந்து வந்தது.

சிரிக்காதீர்கள். வலது காலின் பெருவிரலில் செருகிய பழம். அதை நடத்திக்கொண்டு வந்தவள் வசந்தா என்ற பெண். அவளைத் தோளில் தாங்கிக்கொண்டு அவளுடைய அத்தை. ஒரு காலில் செலிப்பார் செருப்பு, மறு காலில் பழம்... காஜா பெராங் சாலையில் பாதித் தூரம் இப்படியே வந்திருக்கிறார்கள்!

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். புதியவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு சீன அம்மாவின் முடி அலங்காரக் கடையில் நான் பெண்களுக்குக் கை நகம், கால் நகம் திருத்திச் சாயம் பூசுகிறேன். சுதந்திரம் வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் மலாக்காவில் எல்லாப் பெண்களின் விரலுக்கும் சிவப்பு வேண்டியிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். “படிச்சிட்டு அடுத்தவ காலைப் பிடிக்கிறியே” என்று அம்மா அவ்வப்போது சொல்வார். காலைப் பிடிக்கவும் படிப்பு வேண்டும் என்பது அம்மாவுக்கு ஒருநாள் புரியும்.

சரி, வசந்தாவிடம் வருவோம்.

பழத்தைக் கழற்றினேன். உள்ளே விரல் சிவந்து, வீங்கி, ஒரு மூலையில் சீழ் கோத்து நின்றது. நகச்சுற்று என்று நினைத்து மூன்று நாளாக எலுமிச்சம்பழம் மாற்றி மாற்றிச் செருகியிருக்கிறார்கள். நகச்சுற்று இல்லை. நகத்தின் ஓரம் சதைக்குள் இறங்கியிருந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய கூர்மூக்குச் சப்பாத்தைப் பழக்கப்படுத்துகிறேன் என்று இவள் பத்து நாளாக வீட்டுக்குள் போட்டு நடந்திருக்கிறாள். நகம் வட்டமாகத் தெரிய வேண்டுமென்று இரண்டு மூலைகளையும் ஆழமாக வெட்டியும் விட்டிருக்கிறாள். வேறென்ன வேண்டும்?

அடுத்த வெள்ளிக்கிழமையே முகூர்த்தம்.

அத்தைக்குச் சப்பாத்தைப் பற்றிக் கவலையில்லை. மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றித்தான். அவர்கள் புக்கிட் பாரு ஊர்க்காரர்கள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா வசந்தாவைக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு தடவை நடக்கச் சொல்லிப் பார்த்தாராம். இப்போது பெண் மணவறையில் நொண்டினால்? ஊனத்தை மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்றல்லவா பேச்சு வரும்?

“நீ மூலையக் குடைஞ்சு எடுத்திரும்மா. மேல செவப்ப அடிச்சிரு. முடிஞ்சிச்சு லா” என்றார் அத்தை.

குடைய எனக்குத் தெரியும். அதுதான் ஆபத்து!

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டீச்சரம்மாவுக்கு இதே மூலையைக் குடைந்து எடுத்தேன். கருவிப் பெட்டியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை முழுக்கப் படித்தவள் இல்லையா நான்? அதில் குடையச் சொல்லி ஒரு வரிகூட இல்லை என்பதை மட்டும் கவனிக்கவில்லை. அன்று வலி குறைந்து, அவர் என்னை வாழ்த்திவிட்டுப் போனார். ஐந்தாம் வாரம் கால் வீங்கித் திரும்பி வந்தார். நான் உள்ளே விட்டுவைத்த ஒரு சிலும்பு ஈட்டிபோல் வளர்ந்து சதையைக் குத்தியிருந்தது. திட்டவில்லை அவர். திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

ஆகவே இந்தத் தொழிலுக்கு வரும் தங்கச்சிகளே, கொஞ்சம் கேளுங்கள். காலைத் தொடுவதற்கு முன்னால் வலி உண்டா என்று கேளுங்கள். லேசான உறுத்தல் மட்டும்தான், சிவப்பில்லை, வீக்கமில்லை என்றால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நகத்தை நேராக வெட்டி, மூலைகளை அப்படியே விட்டுவிடுங்கள். கூராக இருந்தால் ராவினால் போதும். நடுவில் முக்கோணமாக வெட்டினால் நகம் உள்பக்கம் சுருங்கும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வெட்டாமல் இருங்கள். சிவப்போ சீழோ சூடோ இருந்தால்... கத்தரியைக் கீழே வையுங்கள். சாயமும் பூசாதீர்கள், உள்ளே நடப்பதை அது மறைத்துவிடும். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, உள்ளவர்கள் என்றால், சின்ன உறுத்தலாக இருந்தாலும் டாக்டரிடம்தான். ஒருவர் காலில் பட்ட கருவி கொதிநீரைப் பார்க்காமல் அடுத்தவர் காலுக்குப் போகவே கூடாது.

இவ்வளவையும் அத்தையிடம் சொன்னேனா? சொன்னேன். அவர் காதில் விழுந்தது ‘கத்தரியைக் கீழே வையுங்கள்’ என்பது மட்டும்.

“செய்ய முடியாதுன்னு சொல்றதுக்கா உங்கப்பா உன்னைப் படிக்க வச்சாரு?”

சுருக்கென்றது. முடி சுருட்டிக்கொண்டிருந்த மூன்று பெண்களும் கண்ணாடியில் என்னையே பார்த்தார்கள். என் கையில் கத்தரி. இரண்டு நிமிட வேலை. செய்திருந்தால் அத்தை வாயால் ஊரே என்னைப் புகழ்ந்திருக்கும், வெள்ளிக்கிழமைவரையிலாவது...

“ஆமா அத்தை, அதுக்கும்தான். இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றேன்.

அத்தை எழுந்துவிட்டார். வேறு கடை பார்க்கலாம் என்று பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தார். வசந்தா எழவில்லை. அதுவரை வாயே திறக்காதவள், காலைப் பார்த்தபடியே மெதுவாகப் பேசினாள்.

“நீங்க வேணும்னா போங்க அத்தை. கால் என்னோடது.” பிறகு என்னைப் பார்த்து, “அக்கா, நீங்க கூட வாறீங்களா? எனக்கு ஊசின்னா பயம்.”

முதலாளியம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் காட்சி புரிந்தது. போ என்று தலையை அசைத்தார். மூவரும் ஒரே திரிஷா சைக்கிள் வண்டியில் ஏறினோம். அத்தை என் பக்கம் திரும்பாமல் வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலை மரத்துப்போகச் செய்து, உள்ளே இறங்கிய நகத் துண்டை எடுத்து, கட்டுப் போட்டார். வசந்தா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எனக்கும் ஒரு கட்டுப் போட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்குப் போனேன். மணவறைக்கு வெறுங்காலோடுதானே போக வேண்டும்? அந்தச் சப்பாத்து வாசலில் கிடந்தது. இதற்குத்தானா இத்தனை பாடு!

வசந்தா கொஞ்சம் சாய்ந்துதான் நடந்தாள். சேலைக் கரைக்கு அடியில் வெள்ளைக் கட்டு பளிச்சென்று தெரிந்தது. அம்மி மிதிக்கும் நேரம். மெட்டி போடப் பாதத்தைப் பிடித்த மாப்பிள்ளை கட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா குனிந்தார். கல் தடுக்கிவிட்டது என்று சொல்ல அத்தை ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தார். அவர் வாய் திறப்பதற்குள் வசந்தா மாமியாரைப் பார்த்து முந்திக்கொண்டாள்.

“நகம் சதைக்குள்ள போயிருச்சு அத்தை. டாக்டர் எடுத்திட்டாரு. பத்து நாள்ல நல்லா நடப்பேன்.”

நான் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். கட்டுப் போட வைத்தவள் நான்தானே?

மாப்பிள்ளையின் அம்மா தன் பட்டுச் சேலையை இரண்டு விரலால் கணுக்கால்வரை தூக்கி, தன் பெருவிரலை மருமகளுக்குக் காட்டினார்.

“எனக்கும் இதேதான்மா, பல வருசமா. இவன் அப்பாகிட்டகூட சொன்னதில்ல. எந்த டாக்டரு?”

மெட்டி போட்டாயிற்று. மாப்பிள்ளை அந்தப் பாதத்தை முட்டையைப் போலக் கீழே வைத்தார்.

மறு வாரமே மாமியாரும் மருமகளும் ஒரே திரிஷாவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வசந்தாவின் அத்தை இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் இந்த வாரம் மட்டும் நான்கு பேரை அனுப்பியிருக்கிறார். என்ன சொல்லி அனுப்பினார் என்று வந்தவர்களிடம் கேட்டேன்.

“அவகிட்டப் போங்க. செய்ய மாட்டா. ஆனா எங்க போகணும்னு சரியாச் சொல்லுவா.”