பாதி மூங்கில்

சிற்றோடையில் மீன் பிடிக்க மூங்கில் தூண்டிற்கோல் நல்லதா, கார்பன் கோல் நல்லதா என்று யாராவது கேட்டால் நான் ஒரு மணி நேரம் பேசுவேன். யாரும் கேட்டதில்லை. கேட்காதவர்களிடமும் பேசியிருக்கிறேன். புனே பக்கத்தில் ஆகுர்டியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் கான்டீனில், என் தட்டு எந்த மேசைக்கு வருகிறது என்று பார்த்துவிட்டு வேறு மேசைக்கு நகர்ந்தவர்கள் பலர். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மீன் வாசனைகூட அறியாத குடும்பத்தில் பிறந்தவன் நான். பிறந்தநாள் கேக்கில் முட்டை இருக்கிறதா என்று பேக்கரிக்காரரை மூன்று மொழிகளில் குறுக்கு விசாரணை செய்கிற குடும்பம் அது. அந்த வீட்டுப் பிள்ளை மீனைப் பற்றிப் பிரசங்கம் செய்தால் யார்தான் உட்கார்ந்து கேட்பார்கள்?

போதாக்குறைக்கு, மூங்கிலின் பெருமையை நான் அடித்துப் பேசிய அந்த வருஷங்களில் என் கைவசம் இருந்தது பாதி மூங்கில்தான். மீதிப் பாதி அம்மாவிடம் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது. பிடிக்க வைத்தவன் எங்கள் டூல் ரூமில் இருந்த மராட்டி நண்பன். தொழிற்சாலைக்கு ஓர் இயந்திரத்தைப் பொருத்த வந்த வெளிநாட்டு இன்ஜினியரிடம் அவன் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஸ்கூட்டரில் ஏற்றி, முல்ஷி தாண்டி ஒரு மலையோடைக்குக் கூட்டிப்போனான். தூண்டிலில் புழு கிடையாது. இறகையும் நூலையும் சுற்றிச் செய்த ஒரு பொய்ப் பூச்சிதான் இருந்தது. அதைத் தண்ணீர்மேல் மெல்ல விழ வைக்க வேண்டும். நிஜப் பூச்சி என்று நம்பி மீன் எழும்பும். பிடித்ததைக் கொக்கியிலிருந்து கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிடலாம். புழுவும் சாகாது, மீனும் சாகாது என்றதும் என் சைவ மனசாட்சிக்கு நல்ல வக்கீல் கிடைத்துவிட்டார்.

கோலை நானே செய்தேன். ஊருக்குள் மூங்கில்காரர்களின் சந்தில் அலைந்து, கணு நெருக்கமான, வண்டு துளைக்காத ஒரு மெல்லிய மூங்கிலைப் பொறுக்கினேன். மாதக்கணக்கில் பரண்மேல் காயவிட்டேன். மனைவி பிறந்த வீடு போயிருந்தபோது கேஸ் அடுப்பில் வாட்டி வாட்டி நிமிர்த்தினேன். ஸ்கூட்டரில் எடுத்துப் போக வசதியாக இரண்டாக வெட்டி, ஒன்றை ஒன்றில் செருக நண்பன் லேத்தில் பித்தளைப் பூண் கடைந்து கொடுத்தான். கயிறு ஓடுவதற்குக் கம்பி வளையங்களைப் பட்டு நூலால் கட்டி வார்னிஷ் அடித்தேன். என் வாழ்நாளில் நான் கையால் செய்து உருப்பட்ட ஒரே பொருள் அதுதான். சமையலறையில் நான் அடித்த அலமாரி இன்றும் ஒருபக்கம் சாய்ந்துதான் நிற்கிறது.

மூங்கிலிடம் ஒரு தொந்தரவு உண்டு. கார்பனை ஈரத்தோடு சுருட்டி மூலையில் போட்டாலும் அது கோபித்துக்கொள்ளாது. மூங்கிலை அப்படிச் செய்ய முடியாது. துடைக்க வேண்டும், காற்றோட்டமாக நிழலில் நிற்க வைத்துக் காயவிட வேண்டும், பிறகுதான் உள்ளே எடுத்து வைக்கலாம். நான் மாட்டிக்கொண்டது அந்த ஒழுங்கினால்தான்.

கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா காலமானார். அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று எனக்கும் சென்னையில் இருந்த தம்பிக்கும் போட்டி. அம்மா என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். பாதி பாசம். தம்பியிடம் தோற்கக் கூடாது என்பது மீதிப் பாதி. குளித்துத் துவைத்து, யார் கையும் படாமல் உலர்த்திய மடித்துணியைத்தான் அம்மா உடுத்துவாள். அதனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"மடித்துணி உலர்த்த உசரக் கொடி வேணும். என் மடியை நானே பார்த்துக்க முடியற வரைக்கும் இங்க இருக்கேன். முடியலேன்னா தம்பி கிட்டப் போயிடுவேன். அங்க ஒத்தாசைக்கு நம்ம மனுஷா இருக்கா. உன்னையும் உன் பொண்டாட்டியையும் நான் படுத்தப்படாது."

பின்பக்க பால்கனியில், யார் கையும் படாத உயரத்தில், கூரையை ஒட்டி ஒரு கம்பியைக் கட்டினேன். அம்மா ஒரு சனிக்கிழமை வந்து சேர்ந்தாள். மறுநாள் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு ஓடைக்குப் போனேன். திரும்பி வந்து கோலைத் துடைத்து, வழக்கம்போல மேல் பாதியைப் பரணிலும் தடித்த கீழ்ப் பாதியைப் பின் பால்கனியிலும் காய வைத்தேன்.

திங்கட்கிழமை காலை பால்கனிக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். அம்மா ஈரப் புடவையோடு என் தூண்டிற்கோலின் கீழ்ப் பாதியை உயர்த்திப் பிடித்து, ஒன்பது கஜத்தைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள்தான் அந்தக் கோலைப் பிடித்துக்கொண்டு ஒரு கெண்டைக்குஞ்சோடு மல்லுக்கட்டியிருந்தேன். மடிக்கோல் என்றால் தீட்டுப் படாத கோல். அதன் முனையால்தான் துணியை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும்.

"ஏண்டா, டெம்போக்காரன் என் பழைய கோல் மேல பீரோவை ஏத்தி உடைச்சுட்டான். நான் வாயே திறக்கலை. நீயா பார்த்து வாங்கி வச்சிருக்கியே! பித்தளைப் பூண் போட்டு, ஆணியில மாட்ட வளையம் வச்சு... உனக்கு இவ்வளவு கருத்து உண்டுன்னு எனக்குத் தெரியாதுடா."

அப்பா போனபிறகு அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்குப் பின்னால் நின்ற மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். நான் பக்கத்தில் போய்க் கோலை வாங்கக் கை நீட்டினேன்.

"குளிக்காம அதைத் தொடாதே!"

நான் பொறுக்கி, வாட்டி, நிமிர்த்திச் செய்த கோலைத் தொட எனக்கு அன்றோடு தகுதி போய்விட்டது. வேலைக்குக் கிளம்பும்போது மனைவி டிபன் டப்பாவைக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"நிஜத்தைச் சொன்னா, அம்மா இன்னிக்கே தலைமுழுகிட்டுச் சென்னைக்கு டிக்கெட் எடுத்துடுவா. சொல்லப் போறேளா?"

"பார்க்கலாம்."

"பாருங்கோ. மேல் பாதியாவது மிஞ்சறதான்னு பாருங்கோ."

கோலை மீட்க நான் போட்ட திட்டமெல்லாம் மண்ணைக் கவ்வியது. திரைச்சீலை மாட்டும் அலுமினியக் குழாயை வாங்கிக் கொடுத்தேன். அம்மா ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "இது கனம்டா. மூங்கில்தான் லேசா இருக்கு" என்று மூலையில் சாத்திவிட்டாள். தேக்கில் ஒன்று கொண்டுவந்தேன். "இதைத் தூக்க ஒரு ஆள் வைக்கணும்." வயசானால் பிடிவாதம் கூடிவிடுகிறது என்று மனைவியிடம் புலம்பினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வயசாகாமலே சிலபேருக்கு இருக்கே" என்றாள். பரணில் இருந்த மேல் பாதிக்கு ஜோடியாகப் புதுக் கீழ்ப் பாதி செய்யவும் முயன்றேன். முதல் மூங்கில் அடுப்பில் கருகியது. இரண்டாவதை வண்டு தின்றது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தம்பி கம்பெனி வேலையாக அமெரிக்கா போய்வந்தபோது, எனக்கு ஒரு கார்பன் கோல் வாங்கி வந்தான். நான்காகக் கழற்றி நீளமான குழாய்க்குள் போட்டுவிடலாம். அம்மா குழாயைப் பார்த்து என்னவென்று கேட்டாள்.

"டிராயிங் சுருட்டி வைக்கற குழாய்ம்மா."

"ஞாயித்துக்கிழமைகூட டிராயிங்கா? பாவம்டா நீ."

இப்போது என் பிரசங்கம். கான்டீனில் இருந்தவர்கள் தப்பித்தார்கள், நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். கார்பன் கோல் வெகு தூரம் வீசுவதற்குப் பிறந்தது. அகலமான ஆற்றில், நிறையக் கயிற்றை வெளியே விட்டு வீசினால் அது அர்ஜுனன் வில். எங்கள் ஓடையோ அங்கங்கே தாண்டிக் குதிக்கிற அகலம்தான். நாலு முழக் கயிறு வெளியே இருந்தால் அதிகம். அந்த எடை கார்பனுக்கு உறைக்கவே உறைக்காது, வளையாமல் விறைத்து நிற்கும். ஸ்கேலை வைத்துக்கொண்டு விசிறுவது போலிருக்கும். மூங்கிலுக்கு அதன் சொந்தக் கனமே போதும். பின்னால் கொண்டுபோனால் மெல்ல வளையும், வளைந்து ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தை நாம் பொறுத்துக்கொண்டால், மிச்சத்தை அதுவே செய்துவிடும். எனக்குப் பொறுமை கிடையாது என்பதுதான் சிக்கல். மூங்கில் என் அவசரத்துக்கு ஈடு கொடுத்து என் மானத்தைக் காப்பாற்றியது. கார்பன் அந்த அவசரத்தை அப்படியே ஊருக்குக் காட்டியது.

முதல் வீச்சில் கொக்கி எனக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்த எருமையின் வாலில் மாட்டியது. எருமை நடக்க, நான் பின்னால் ஓட, கரையில் துணி துவைத்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இன்னொரு நாள் விரல் நீள மீன் ஒன்று கடித்தது. நான் சுண்டிய வேகத்தில் அது தண்ணீரை விட்டுக் கிளம்பி, என் தலையைத் தாண்டி, ஒரு நாவல் மரக் கிளையில் போய்த் தொங்கியது. உயிரோடு விடுவதாகச் சத்தியம் செய்தவன் ஆயிற்றே, மரத்தில் ஏறினேன். கீழே நின்ற நண்பன் இந்தியில் கேட்டான், நான் வந்தது மீன் பிடிக்கவா, நாவல்பழம் பறிக்கவா என்று. மீன் பிழைத்தது. என் பேன்ட் பிழைக்கவில்லை.

பொய்ப் பூச்சிக்கு மயில்பீலி இழை வேண்டும். அதைவிடப் பளபளப்பான பூச்சி உடம்பு வேறெதிலும் அமையாது. பூஜை அலமாரியில் அம்மாவின் கிருஷ்ணர் படத்தில் பெரிய பீலி ஒன்று செருகியிருந்தது. "பீலி வழுக்கை விழறதே, பல்லி வேலையா இருக்கும்" என்று அம்மா அவ்வப்போது சொல்லுவாள். அப்போதெல்லாம் மனைவி பல்லியைத் திரும்பிப் பார்ப்பாள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஒரு மார்கழியில் அம்மாவுக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. தோள்பட்டை இறுகிவிட்டது என்றார் டாக்டர். பயிற்சி செய்தால் வலி குறையும், ஆனால் பழையபடி கையைத் தூக்க முடியுமென்று எதிர்பார்க்க வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பிக்குப் போன் போடு. சொன்ன வார்த்தை சொன்னதுதான்."

"நான் உலர்த்தறேன்மா" என்றாள் மனைவி.

"உனக்கு டீச்சர் உத்தியோகம், விடிஞ்சா ஸ்கூல் பஸ் பிடிக்கணும். நான் குளிச்சுட்டு வரதுக்குள்ள நீ கிளம்பிடுவே. வேண்டாம்."

இந்தமுறை தம்பியிடம் தோற்பது நினைவுக்குக்கூட வரவில்லை. காலையில் பால்கனியில் ஈரப் புடவை சொட்டும் சத்தம் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"நாளைக்கு ஒரு நாள் நான் பண்ணிப் பார்க்கறேன்" என்றேன்.

"நீயா? உன் சட்டையையே நாற்காலி மேல போடறவன் நீ."

மறுநாள் விடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். மடி என்றால் வெந்நீர் கூடாதோ என்று பயந்து நானே செய்துகொண்ட வைராக்கியம். புனேயின் மார்கழிக் குளிரில், ஈர வேட்டியோடு, பல் தந்தியடிக்கப் பால்கனிக்குப் போனேன். ஆணியிலிருந்து கோலை எடுத்தேன். பக்கத்தில் நின்ற அம்மா தொடாதே என்று சொல்லவில்லை. பிடி அப்படியே என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. இத்தனை வருஷம் ஈரமும் காற்றும் பட்டு மூங்கில் தேன் நிறமாகியிருந்தது. ஒரு விரிசல் இல்லை.

புடவையைப் பிழிந்து நீளமாகக் கொசுவி, ஒரு முனையைக் கோலின் நுனியில் ஏற்றினேன். தூக்கினால் ஒன்பது கஜமும் தண்ணீரும் சேர்ந்து கனத்தது. பதறிச் சுண்டியிருந்தால் புடவை போய்ப் பக்கத்து வீட்டு ஆன்டெனாவில் மாட்டியிருக்கும். மெல்லப் பின்னால் கொண்டுபோனேன். மூங்கில் வளைந்தது. காத்திருந்தேன். அது கனத்தை முழுக்க வாங்கிக்கொண்டதை மணிக்கட்டில் உணர்ந்தபிறகு முன்னால் செலுத்தினேன். புடவை கொடியைத் தாண்டி விழுந்து, ஒரு சுருக்கமில்லாமல் தரைக்கு ஒரு சாண் மேலே வரை இறங்கி நின்றது. எந்த ஓடையிலும் எனக்கு அப்படி ஒரு வீச்சு அமைந்ததில்லை. பார்க்க நண்பன் இல்லையே என்று இருந்தது.

அம்மா புடவையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது எங்கடா கத்துண்டே?"

சந்தோஷத்தில் எனக்கு யோக்கியதை பொங்கிவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அம்மா, இந்தக் கோல் வந்து..."

"இந்தக் கோலைப் பத்தி நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றாள் அம்மா. "இந்தத் தோள் இங்க வந்த வருஷத்துலேர்ந்தே வலிதாண்டா. சொன்னா நீ ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரின்னு குதிப்பே. என் பழைய கோலா இருந்தா மறு மாசமே சென்னைக்குப் போயிருப்பேன். நீ அப்புறம் வாங்கிண்டு வந்தியே, அந்தக் குழாயும் கட்டையும், அதையெல்லாம் கைதூக்கவே விடலை. இது லேசோ, வளைஞ்சு குடுக்கறதோ, இத்தனை வருஷம் உன்னோட ஓட்டிட்டேன்."

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கோல் போச்சே, போச்சே என்று மனசுக்குள் அழுதவன் நான். அதை மீட்க அலுமினியமும் தேக்கும் வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். அதில் ஒன்று மட்டும் பலித்திருந்தால், என் மூங்கிலோடு ஓடையில் நின்றிருப்பேன். அம்மா தம்பி வீட்டில் இருந்திருப்பாள்.

"என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லேம்மா. மூங்கிலை அப்பப்பத் துடைச்சு நிழல்ல காய வைக்கணும். அதைச் சொல்ல வந்தேன்."

"அதைத்தானே நான் தினம் பண்றேன்" என்று சொல்லிவிட்டு, அம்மா அடுத்த துணி கிடந்த வாளியை இடது கையால் என் பக்கம் நகர்த்தினாள்.